போடாத சட்டை

"நான் இன்னும் போட்டே பாக்காத சட்டையை நீ எதுக்கும்மா துவைக்கற?" இதே கேள்வியை மூன்று தடவை, ஒரு எழுத்து மாறாமல் கேட்டுவிட்டு மதுவந்தி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை. அறைந்திருந்தால் எனக்கு வசதி. கீல் போனால் ஆசாரியை யார் கூப்பிடுவது என்று நானும் நாலு வார்த்தை பிடித்துக்கொண்டு சண்டையை வேறு பக்கம் திருப்பியிருப்பேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சாத்துவது மாதிரி மெதுவாகச் சாத்தினாள், உள்ளே ஒரு நோயாளி இருப்பதுபோல, வெளியே இன்னொன்று இருப்பதுபோல. நான் சொன்ன பதில் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. "புதுத் துணின்னா கஞ்சி இருக்கும், ஒரு தடவை அலசிட்டுத்தான் போடணும்." கஞ்சியாம். இருபத்து மூன்று வயதுப் பெண்ணிடம் சொல்கிற பொய்யா இது. அதைச் சொல்லிக்கொண்டே கையிலிருந்த வெள்ளைச் சட்டையைச் சுருட்டி, அவள் காலரைப் பார்த்துவிடுவதற்குள் மெஷினுக்குள் திணித்து, கதவை அடித்து, பொத்தானை அமுக்கிவிட்டேன். க்ளிக் என்று பூட்டிக்கொண்டது. ஒரு மணி எட்டு நிமிஷம் என்று எண் எரிந்தது. அப்புறம்தான் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், உள்ளே இவருடைய பவுண்டரிச் சட்டைகள், இரும்பு வார்க்கிற கரி ஒட்டியவை. பவுண்டரிச் சட்டையோடு வேறு துணி சேரக்கூடாது என்பது இந்த வீட்டின் முதல் சட்டம், சட்டம் போட்டவள் நான், மீறியதற்காக மூன்று வேலைக்காரிகளை அழவைத்தவளும் நான். வெள்ளைக் கை ஒன்று கண்ணாடிக்கு வந்து ஒட்டிப் பார்த்துவிட்டுக் கரி நிறத்துக்குள் போயிற்று. நடுவில் நிறுத்தலாம், நிறுத்தினாலும் இந்த மெஷின் உடனே திறக்காது, தண்ணீர் வடியும்வரை பிடிவாதம் பிடிக்கும், அதற்குள் அவள் வெளியே வந்தால் என்ன சொல்வது. சுற்றட்டும். கறையோடு கறையாகப் போகட்டும்.

ஒரு மணி எட்டு நிமிஷம் நல்ல அளவுதான், உட்கார்ந்து யோசிக்க வேண்டியதை யோசித்து முடித்துவிடலாம், இவள் என்ன செய்வது, அதுதானே கேள்வி, வேறு கேள்வியே இந்த வீட்டில் கிடையாது. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வின் ரிசல்ட் வந்து ஒன்பது நாளாகிறது. அறுபத்தாறு. நூறு பேர் எழுதினால் அறுபத்தாறு பேரைத் தாண்டியவள் என்று அர்த்தம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பெயர் சொன்னால் நாலு பேருக்குத் தெரிகிற காலேஜ் எதுவும் தொண்ணூறுக்குக் கீழே திரும்பிப் பார்ப்பதில்லை. உள்ளூரில், விமான நிலையத்தைத் தாண்டிப் போகிற ரோட்டில் இருக்கிற ஒரு காலேஜ்கூட எழுபதில் கோடு போட்டுவிட்டது. பி.காம். முடித்து ஒரு வருஷம் வீட்டிலேயே உட்கார்ந்து படித்தவள். கணக்கில் எழுபத்தொன்பது வாங்கியிருக்கிறாள், இங்கிலீஷில்தான் நாற்பத்தொன்று, அதுதான் காலை வாரியது. இங்கிலீஷில். என் பெண். சரி, யோசி. இன்னொரு வருஷம் படிக்கட்டும், கோச்சிங் சென்டரில் திரும்ப எழுதுகிறவர்களுக்கென்றே தனி பேட்ச், ஃபாரத்தைக்கூட நான் நிரப்பி வைத்துவிட்டேன், அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, "நான் திரும்ப எழுதமாட்டேன்மா" என்று அந்த ஃபாரத்தின் மேலேயே தோசைத் தட்டை வைத்துச் சாப்பிட்டாள். இல்லையா, பவுண்டரிக்குப் போகட்டும். "என்னோட வந்து உக்காரட்டும், கணக்குல கெட்டி, எனக்கும் ஒரு கை ஆச்சு" என்று இவர் சொல்கிறார், இவருக்கு எல்லாமே வார்ப்பு மாதிரி, உருக்கி ஊற்றினால் ஆறியதும் ஒரு உருவம் வந்துதானே ஆகவேண்டும். இல்லையா, இவருடைய அக்கா, என் நங்கை, நேற்றுக்கூடப் போனில், "ஏஞ் சுகந்தி, பரீட்சை கெடக்குது உடு, அன்னூர்ப் பக்கம் ஒரு பையன், சொந்தமா நூல் மில்லு, நம்ம புள்ளையக் கேக்கறாங்க, என்னங்கறே?" என்றார். "படிப்பு முடியட்டுங்க நங்கை" என்றேன். "எந்தப் படிப்பு? அதுதான் முடிஞ்சுதே" என்றார். சிரிப்பில் விஷம் கலக்கத் தெரிந்த குடும்பம், எனக்கே பாடம் எடுக்கும். பிறகு கேட்டார், "ஏஞ் சுகந்தி, நீயுந்தான எழுதுன, உனக்கு எவ்வளவு?" நான் கேட்காத மாதிரி, "குக்கர் சத்தம் போடுதுங்க" என்று போனை வைத்தேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை.

எழுபத்தொன்று. வாயைத் திறந்து சொல்ல முடியாத எண். எவ்வளவு சிரிப்பாக ஆரம்பித்தது. அந்த ஆகஸ்டில் அவளுக்கு அப்ளிகேஷன் நிரப்பிக் கொடுத்தபோது பார்த்தேன், வயது வரம்பே இல்லை, டிகிரியில் ஐம்பது சதவீதம் இருந்தால் போதும். எனக்கு அறுபத்திரண்டு, ஆங்கில இலக்கியம், தொண்ணூற்றேழாம் வருஷம். "துணைக்கு நானும் எழுதறேனே" என்றேன், அவள் சிரித்தாள், இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "பெட்ரோல் ஒண்ணுதான, ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார். சிரித்தால் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். ரிசல்ட் அன்றைக்கு அவள் சொன்னாள், "நீ என்கூட எழுதறேன்னு சொன்ன. எழுதுன்னு நான் சொல்லவே இல்லம்மா." இல்லைதான். சொல்லவில்லைதான். காலையில் பாத்திரம் கழுவியதும் டைனிங் டேபிளில் எதிரெதிரே உட்கார்வோம். ஒரு பத்தி, அதன் கீழே நாலு கேள்வி. அவள் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு வரிவரியாகப் போவாள், நான் அதற்குள் முடித்துவிட்டு, அவள் விரல் தப்பான விடையின் பக்கம் நகர்ந்ததும், "ம்ஹூம்" என்பேன். அவ்வளவுதான். உதவிதானே. அந்த "ம்ஹூம்" கேட்டதும் பென்சில் அப்படியே நிற்கும். கொஞ்ச நாளில் விடையைத் தொடுமுன் என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். பரீட்சை ஹாலில் கம்ப்யூட்டருக்கு முன்னால் யார் முகத்தைப் பார்த்திருப்பாள். அங்கே என் முகம் இல்லை. எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் பெனடிக்டா கேள்வியைப் பாதி கேட்கும்போதே என் கை மேலே போய்விடும், கையைக்கூட உயர்த்தாமல் வாயே பதில் சொல்லிவிடும். "மற்றவர்களும் யோசிக்கட்டும், சுகந்தி" என்பார், இங்கிலீஷில், உதட்டை மட்டும் அசைத்து. ஒரு நாள் என்னை வராந்தாவில் நிறுத்தி ஜன்னல் வழியாகப் பாடம் கேட்கச் சொன்னார், அங்கிருந்தும் பதில் சொன்னேன். அதை இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன், என்னவோ மெடல் மாதிரி. உள்ளே உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி முகமாவது நினைவிருக்கிறதா என்று பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை, பின்னல்கள் மட்டும் வருகின்றன.

ஐம்பத்தொன்று என்று காட்டுகிறது. ஐந்து நிமிஷமாக அதே ஐம்பத்தொன்று, இந்த மெஷினின் நிமிஷம் வேறு நிமிஷம். பரீட்சை அன்றைக்கு ஊருக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் காலேஜ், வாசலில் செக்யூரிட்டி, "பேரண்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் மரத்தடிக்குப் போங்க" என்றான், என்னைப் பார்த்துத்தான். நான் ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். அவன் டிக்கெட்டில் இருக்கிற போட்டோவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பின்னால் நின்ற பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்கள். அந்த நொடி எனக்கு எவ்வளவு ருசித்தது என்பதை யாரிடமும் சொன்னதில்லை. வளையலைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன், கை லேசாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் மதுவந்தி இல்லை, எனக்கு நாலு பேர் முன்னால் போய் நின்றுகொண்டிருக்கிறாள், தெரியாதவளைப் போல. வெளியே வந்ததும் அவள் சிநேகிதிகள் சுற்றி நின்று, இங்கிலீஷ் பகுதியைத்தான், "வெர்பல் செம கஷ்டம்ல?" என்று அழாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போய், "வெர்பலா? பூ மாதிரி இருந்துச்சே" என்றேன். ஒருத்தி மட்டும், "சூப்பர் ஆன்ட்டி" என்றாள். அந்த ஆன்ட்டி காரில் வீடு வரும்வரை பத்திகளை ஒவ்வொன்றாக அலசிக்கொண்டு வந்தாள், பக்கத்து சீட்டில் ஒருத்தி ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்காமல். இல்லை, பார்த்தாள். பார்த்துக்கொண்டே பேசினாள். அதோடு விட்டாளா. ரிசல்ட் வந்ததும் பள்ளித் தோழிகள் வாட்ஸாப் குரூப்பில், நாற்பத்தெட்டு வயதில் வெர்பலில் தொண்ணூற்றேழு என்று போட்டாள். கணக்கில் வாங்கிய இருபத்திரண்டைப் போடவில்லை. நாற்பத்தொரு பேர் கைதட்டினார்கள். கும்பகோணத்துக்காரி ஒருத்தி, "பொண்ணும் எழுதினாளே, எப்படி?" என்று கேட்டாள். அதற்கு நான் இங்கிலீஷில் போட்ட பதில்: "அவள் பல வழிகளை யோசித்துக்கொண்டிருக்கிறாள்." இந்த இங்கிலீஷுக்குத்தான் தொண்ணூற்றேழு.

அறையில் சத்தமே இல்லை. மெஷின் தண்ணீரை வடிக்கிற இரைச்சல் நின்றதும்தான் அது தெரிகிறது. சக்கரம் வைத்த படிப்பு நாற்காலி அவளுடையது, உட்கார்ந்தால் உருளும், எழுந்தால் உருளும், ஒன்றும் கேட்கவில்லை. ஃபேன் மட்டும் சுற்றுகிறது. மார்கழியில் யார் ஃபேன் போடுவார்கள். இந்த மாதங்களில் நான் பேப்பரின் நடுப் பக்கத்தைப் பிரிப்பதே இல்லை, எந்த ஊர்ப் பிள்ளை, எத்தனை மார்க்குக்கு உயிரை விட்டது என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தி இருக்கும், போட்டோவில் பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும். சே, என்ன நினைப்பு இது. இவள் அப்படிப்பட்டவள் இல்லை. எப்படிப்பட்டவள்? சொல்லேன், நீதான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறவள் ஆயிற்றே. இவளுக்குப் பெருங்காயம் பிடிக்காது, ஒரு பக்கமாகத்தான் தூங்குவாள், மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வாள், இன்னும்? எழுந்து போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். கால் சில்லென்றிருந்தது. "பாப்பா, காபி போடட்டுமா?" என்றேன், சாதாரணமாக வரவேண்டிய குரல் சங்கீத வகுப்புக்குப் போனதுபோல் மேலே ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. "வேண்டாம்." அந்த வேண்டாமைப் போல ஒரு நல்ல சொல்லை நான் இதுவரை கேட்டதில்லை. உடனே, அடுத்த மூச்சிலேயே, பழைய நாக்கு, "காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலையே, வயித்துல புண்ணு வரட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அலையணும்" என்று சொல்லிவிட்டது. நான் சொல்லவில்லை, அது சொல்லிற்று. கதவுக்குப் பின்னால் ஃபேன் நின்றது. அதுதான் பதில்.

திரும்ப வந்து மெஷின் முன்னால் முக்காலியில் உட்கார்கிறேன். முப்பத்திரண்டு. இவள் என்ன செய்வது, பேட்ச், பவுண்டரி, அன்னூர், மறுபடி பேட்ச். செக்குமாடு மாதிரி இதையே சுற்றிச் சுற்றி வருகிறேன், ஏன் வருகிறேன் என்று எனக்குத் தெரியும். இவளைப் பற்றி யோசிக்கும்வரை அந்தக் கடிதத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை வந்தது, போனில், மெயிலாக. விமான நிலைய ரோட்டு காலேஜ். இவளுக்கு அப்ளிகேஷன் போட்டபோது ஒன்றுக்கு இரண்டாக எனக்கும் போட்டுவைத்தேன், விளையாட்டுக்குத்தான், எல்லாமே விளையாட்டுக்குத்தான். அன்புள்ள விண்ணப்பதாரருக்கு, வரும் திங்கட்கிழமை குழு விவாதத்துக்கும் நேர்முகத் தேர்வுக்கும் அழைக்கிறோம், அசல் சான்றிதழ்களுடன் வரவும், வருவதானால் வியாழன் மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்யவும். இன்றைக்கு வியாழன். எழுபத்தொன்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அறுபத்தாறைக் கூப்பிடவில்லை. ஏதோ கிழவி ஜோக் அடிக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது, பெயரையும் எண்ணையும்தான் பார்த்திருப்பார்கள். அழித்துவிடு, ஒரு விரல் வேலை. செவ்வாயிலிருந்து அந்த விரலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். அழிக்காதது மட்டுமா. செவ்வாய் மத்தியானமே பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கையை விட்டு டிகிரி சர்டிபிகேட்டை எடுத்துப் பார்த்தேன், கல்யாணம் நிச்சயமாகிவிட்டதால் பட்டமளிப்புக்குப் போகாமல் தபாலில் வந்த சர்டிபிகேட், ஓரம் மட்டும் பழுத்திருந்தது. புதன்கிழமை காலை தலைக்கு டை போட்டேன். மத்தியானம் இவள் லைப்ரரிக்குப் போனதும் இவள் அலமாரியைத் திறந்தேன். வெள்ளைச் சட்டை, இன்டர்வியூவுக்கு என்று ரிசல்ட் வருமுன்னேயே க்ராஸ்கட் ரோட்டுக் கடையில் நான் எடுத்துக் கொடுத்தது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. அந்தச் சீட்டு முதுகில் உரச உரசப் போட்டுக்கொண்டேன். நாலாவது பொத்தான் சேரவில்லை, மூச்சைப் பிடித்துச் சேர்த்தேன். கண்ணாடியில் நின்று, "குட் மார்னிங்" என்றேன். சத்தமாக. என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன், பத்து நிமிஷம் நல்ல இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனேன், அதில் ஒரு இடத்தில்கூட எனக்குப் பெண் இருக்கிறாள் என்று வரவில்லை. கழற்றும்போதுதான் காலரில் பார்த்தேன், டை. ஈரத் தலையில் இருந்து கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு.

இதைவிட ஒன்று இருக்கிறது. வேண்டாம். இருபத்தொன்று, இருபது. மெஷின் வேகமெடுத்து உதற ஆரம்பித்துவிட்டது, தரை அதிர்கிறது, முக்காலி அதிர்கிறது, பல் அதிர்கிறது. ரிசல்ட் வந்த சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன், அவள் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள், "நீயே பாரும்மா, எனக்குப் பாக்கப் பயமா இருக்கு" என்றாள். மேஜையில் இரண்டு ஹால் டிக்கெட், பக்கத்தில் பக்கத்தில். ஏதோ ஒன்றை முதலில் அடித்துத்தானே ஆகவேண்டும். அப்படித்தான் ஒன்பது நாளாக எனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஏதோ ஒன்று, கைக்கு வந்தது. கைக்கு வரவில்லை. அவளுடையது மேலே இருந்தது. அதை நகர்த்திவிட்டு என்னுடையதை எடுத்து, என் எண்ணை அடித்தேன். எழுபத்தொன்று என்று வந்தது, வெர்பல் தொண்ணூற்றேழு என்று வந்தது, நான் கையைத் தட்டினேன். ஒரே ஒரு தட்டு. பின்னால் நாற்காலியின் முதுகிலிருந்து அவள் கை போனது முதுகெலும்பில் தெரிந்தது. பிறகு அவளுடைய எண்ணை அடித்தேன். அந்தக் கைத்தட்டலைப் பற்றி அவள் இன்றுவரை கேட்கவில்லை, சொல்லிக்காட்டவில்லை, சண்டையில்கூட எடுக்கவில்லை. நானாக இருந்தால் ஆயுசுக்கும் விட்டிருப்பேனா. சட்டை ஏன் துவைக்கிறாய் என்று மூன்று தடவை கேட்டாளே, அவளுக்குத் தெரியாமலா கேட்டாள். அலமாரியில் நான் மடித்து வைத்த மடிப்பு வேறு, கடைக்காரன் மடிப்பு வேறு. தெரிந்துதான் மூன்று தடவை கேட்டிருக்கிறாள், மூன்று தடவை எனக்கு இடம் விட்டிருக்கிறாள், நான் அதில் கஞ்சியை ஊற்றினேன்.

மெஷின் பீப் பீப் என்று கத்தி நின்றது. பூட்டு விடுபடுகிற சத்தம். வெளியே எடுத்தால், சட்டை மழைக்கு முந்தின வானம் மாதிரி இருக்கிறது, ஒரே சீராகச் சாம்பல். காலரில் மட்டும் அந்தக் கட்டைவிரல் அகலம் அப்படியே, இன்னும் தெளிவாக. விலைச்சீட்டு கூழாகிப் பையில் ஒட்டியிருக்கிறது. இதை ஒளித்துவிடலாம், குப்பைக்காரி பன்னிரண்டு மணிக்கு வருவாள். இல்லையென்றால் கடிதத்தை அழித்துவிட்டு, உனக்காகத்தான் அழித்தேன் என்று பத்து வருஷத்துக்குச் சொல்லிக்காட்டலாம், அதற்கு என் நாக்கு இப்போதே நனைந்து தயாராக இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. ஈரச் சட்டையோடு அவள் கதவுக்கு முன்னால் வந்து நிற்கிறேன், தரையெல்லாம் சொட்டுகிறது.

"பாப்பா. அந்தச் சட்டைய நேத்து நான் போட்டுப் பாத்தேன். காலர்ல டை பட்டுருச்சு, அதுக்குத்தான் துவைச்சேன். கஞ்சி எல்லாம் பொய்." சட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன். "அந்தக் காலேஜ்ல இருந்து எனக்கு லெட்டர் வந்திருக்கு. திங்கட்கிழமை கூப்பிட்டிருக்காங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதில் போடணும். செவ்வாய்க்கிழமையே வந்தது, சொல்லல."

நாற்காலிச் சக்கரம் உருண்டது. கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கதவின் கீழ் இடுக்கில் அவள் கால் நிழல் தெரிகிறது. வேண்டாம்னா விட்டுடறேன் என்று சொல்ல வாய் வந்துவிட்டது, உனக்கும் சேத்து அங்க பேசிப் பாக்கறேன் என்று அடுத்ததும் வந்துவிட்டது, அதற்கு அடுத்ததும், எல்லாப் பதிலும் என்னிடமே இருக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். சட்டையிலிருந்து தண்ணீர் என் காலில் விழுகிறது.

"எனக்குப் போகணும்னு இருக்கு, பாப்பா. போகட்டுமா?"

வாயில் வந்து நின்ற பதில்களை எல்லாம் விழுங்கிவிட்டு இன்னும் இரண்டே வார்த்தை சொன்னேன்.

"நீ சொல்லு."